கால் முன்னே போகும் வண்டி

எங்கள் தெருவில் யார் வெளியே கிளம்பினாலும் அம்மனுக்கு நேராகத்தான் போயாக வேண்டும். அஸ்தினாபுரத்தில் எங்கள் தெரு ஒரு பக்கம் காம்பவுண்டுச் சுவரில் முடிகிறது. மறுபக்கம் பெரிய தெருவில் போய் முட்டுகிறது. முட்டுகிற இடத்தில், தெருக்குத்துக்குப் பரிகாரமாக, அம்மன் கோயில். வேலைக்குப் போகிறவர்கள் அந்த முக்கில் வண்டியை மெதுவாக்கி, ஒரு கையால் கன்னத்தில் போட்டுக்கொண்டு திரும்புவார்கள். ஹெல்மெட் போட்டவர்கள் ஹெல்மெட்டிலேயே போட்டுக்கொள்வார்கள்.

எதிர்வீட்டு ஹேமாவதி மட்டும் ஸ்கூட்டரை நிறுத்தி, காலை ஊன்றி, கண்ணை மூடிக் கும்பிட்டுவிட்டுத்தான் போவாள். அவள் நர்ஸ். ஆஸ்பத்திரி வேலையை விட்டுவிட்டு வீடு வீடாகப் போய் ஊசி போடுவாள், புண் கட்டுவாள், படுத்த படுக்கையாகக் கிடப்பவர்களுக்குக் குழாய் மாற்றுவாள். சிட்லபாக்கம், ராதா நகர், செம்பாக்கம் எல்லா இடத்திலும் அவளுக்காகக் காத்திருக்கிறவர்கள் உண்டு. வலிக்காமல் ஊசி போடுவதில் அவளை மிஞ்ச ஆள் இல்லை.

அவளுக்குத்தான் போன வருஷம் உள்காதில் நோய் வந்தது. காது நன்றாகக் கேட்கிறது, ஆனால் உடம்புக்கு நிலை தெரியவில்லை. தலையைத் திருப்பினால் உலகமே சுற்றுகிறது. சுவரைப் பிடித்தால்தான் நடை. போன நிலை திரும்ப வராது என்று டாக்டர் சொல்லிவிட்டார். ஸ்கூட்டரை விற்ற அன்று அவள் அழவில்லை. எனக்குத்தான் தாங்கவில்லை, உள்ளே போய் அழுதேன்.

ஆட்டோவில் போய்ப் பார்த்தாள். ஆட்டோ போடுகிற வெட்டில் அவளுக்கு வாந்தி வந்தது. நோயாளி வீட்டுக்குப் போய்ச் சேரும்போது யார் நோயாளி என்று கேட்கிற நிலைமை. அப்போதுதான் யாரோ குரோம்பேட்டை பாட்சா பாயின் ஷெட்டைப் பற்றிச் சொன்னார்கள். இரும்புக் குழாயை வளைத்து, சாய்ந்து உட்கார்ந்து மிதிக்கிற மூன்று சக்கர சைக்கிள் செய்கிறவர். ஹேமாவுக்குத் துணையாக அவள் கணவர் குமரவேலும் நானும் போனோம்.

"இதப் பாருமா," என்று பாட்சா பாய் ஒவ்வொன்றாகக் காட்டினார். "இது முன்னாடி ஒரு சக்கரம், பின்னாடி ரெண்டு. கொஞ்சம் ஒசரம், ஒக்கார எழ ஈஸி. முட்டி வலிக்காரங்க, மார்க்கெட்டுக்குப் போறவங்க வாங்கிக்கினு போவாங்க, பின்னாடி கூடை மாட்டலாம். அது கையால சுத்துறது, காலு வராதவங்களுக்கு. முடிச்சூர் பையன் ஒருத்தன் அதுல ரேஸுக்கே போறான். அந்த நீட்டு வண்டி ரெண்டு பேருக்கு. கண்ணு தெரியாதவங்க பின்னாடி ஒக்காந்து மிதிப்பாங்க."

குமரவேல் அந்த நீட்டு வண்டியையே பார்த்துக்கொண்டிருந்தார். "நான் முன்னாடி ஓட்டறேன், நீ சும்மா உக்காந்து வா, ஹேமா."

"உங்க ஆபீஸ யாரு பாப்பாங்க?" என்று கேட்டாள் அவள். அதோடு அந்தப் பேச்சு முடிந்தது.

கூடை மாட்டுகிற வண்டியை ஓட்டிப் பார்த்தாள். ஷெட் வாசலில் திருப்பும்போது பின்சக்கரம் ஒன்று தரையை விட்டு எழும்பியது. மற்றவர்களுக்கு உடம்பு தானாக ஒரு பக்கம் சாயும், சரியாகிவிடும். அவள் உடம்புக்கு எந்தப் பக்கம் சாய்வதென்று தெரியவில்லை. பாட்சா பாய் ஓடிப்போய்ப் பிடித்தார். கடைசியாக முன்னால் இரண்டு, பின்னால் ஒன்று என்று சக்கரம் வைத்த வண்டியைக் கொண்டுவந்தார். "இங்கிலீஷ்ல இதுக்கு டாட்போல்னு பேரு, தலைப்பிரட்டை. தரையோட கெடக்கும், ஆனா நீயே நெனச்சாலும் கவுக்க முடியாது."

அதில் ஏறி ஷெட்டை ஒரு சுற்று சுற்றி வந்தாள். சாய்வு நாற்காலியில் கிடப்பதுபோல் கிடக்கிறாள். கை இரண்டும் பக்கத்தில், பெடல் எதிரே மார்பு உயரத்தில், பாதம் இரண்டும் முன்னே. "கீதா, சுத்தல!" என்றாள்.

மறுநாளே வேலைக்குக் கிளம்பிவிட்டாள். பின்னால் மருந்துப் பெட்டி, பஸ்காரன் கண்ணில் படுவதற்கு உயரக் கம்பியில் ஆரஞ்சுக் கொடி. தெரு வேடிக்கை பார்த்தது, பிறகு பழகிவிட்டது. அவளுக்கு ஒரே குறை. "எல்லாரும் என் தலைக்கு மேலயே பேசறாங்க. ஒருத்தரும் குனிய மாட்டேங்கறாங்க."

பங்குனி வெயிலில் தெருவில் இரண்டு வீட்டில் அம்மை போட்டது. வருஷா வருஷம் போடுவதுதான், இந்த வருஷம் அதற்கு ஒரு காரணம் கிடைத்துவிட்டது. தினம் காலையில் ஒருத்தி அம்மன் முகத்துக்கு நேரே இரண்டு காலையும் நீட்டிக்கொண்டு போனால் ஆத்தா சும்மா இருப்பாளா? உலை வாயை மூடலாம், ஊர் வாயை மூட முடியாது என்பார்கள். எங்கள் தெருவில் உலையே சிறியது, வாய்தான் பெரியது.

பேச்சு தேவானந்தம் காதுக்குப் போனது. அவர் குமரவேலின் அண்ணன், பக்கத்து வீடு, கோயில் நிர்வாகம் அவர் கையில். கெட்ட மனுஷர் என்று சொல்ல முடியவில்லை, அதுதான் என் கஷ்டம். ஹேமா ஆஸ்பத்திரியில் கிடந்தபோது வராண்டாவை விட்டு அசையாமல் உட்கார்ந்திருந்தவர் அவர்.

ஒருநாள் காலையில் வண்டியை மறித்தார். "இன்னாமா இது? கால நீட்டிகினு நேரா அம்மா மூஞ்சிக்கு வர்றியே. நாலு பேர் கேக்குறான். நான் இன்னான்னு பதில் சொல்றது?"

"வேற வழி இல்லையே மாமா."

"வழிய நீதான் பாத்துக்கணும்."

குமரவேல் பாட்சா பாய்க்குப் போன் போட்டு, கால் தணிவாக வருகிற வண்டி உண்டா என்று கேட்டார். "தணிவா வரும் சார். ஆனா முன்னாடிதான் நீட்டும். கால மடிச்சிகினு எப்டி மிதிக்கிறது?" என்றார் அவர். அண்ணனிடம் போய்ப் பேசக் குமரவேலுக்கு வாய் வரவில்லை. பெண்டாட்டிக்கும் அண்ணனுக்கும் நடுவில் மத்தளம் மாதிரி உட்கார்ந்திருந்தார்.

ஹேமாவே ஒரு வழி கண்டுபிடித்தாள். வீட்டு வாசலிலிருந்து முக்கு வரைக்கும் வண்டியைப் பின்னோக்கிக் கொண்டுபோவது. அந்த வண்டிக்குப் பின்னால் போகிற கியர் கிடையாது. பக்கத்தில் இருக்கிற முன்சக்கர டயர் இரண்டையும் கையால் பிடித்துப் பின்னுக்கு உருட்ட வேண்டும். பாதம் அப்போது எங்கள் வீடுகளைப் பார்த்திருக்கும், அம்மன் அவள் முதுகுக்குப் பின்னால். எங்களுக்கு அவள் கால் நீட்டலாம் போலிருக்கிறது.

கண்ணாடி இருந்தது, ஆனால் நாயும் குழந்தைகளும் கண்ணாடிக்குள் அடங்குமா? நிமிஷத்துக்கொருமுறை கழுத்தைத் திருப்ப வேண்டும். திருப்பினால் தலை சுற்றும். முக்குக்குப் போய்ச் சேர்ந்ததும் வண்டியிலிருந்தபடியே பக்கவாட்டில் சாய்ந்து வாந்தி எடுப்பாள். வாயைக் கொப்பளித்துவிட்டு, கையெல்லாம் தெருப் புழுதியோடு, புண் கட்டப் போவாள்.

"நீ ஏன்டி இப்படிக் கஷ்டப்படறே? நேரா போ. யாரு தடுக்கறாங்கன்னு நான் பாக்கறேன்," என்று கத்தினேன்.

"கண்ணாடில அம்மன் தெரியறா கீதா. சின்னதா, ஆனா முழுசா தெரியறா," என்றாள். அவளுக்குக் கோபம் வரவில்லை. அவளுக்கு வராததால் அவள் பங்கும் சேர்ந்து எனக்கு வந்தது.

ராதா நகரில் ஒரு வீட்டில் அவள் கையைப் பார்த்துவிட்டார்கள். வாசல் குழாயில் சோப்புப் போட்டுத்தான் கழுவிக்கொண்டிருந்தாள். இருந்தாலும், "வேற நர்ஸ பாத்துக்கறோம்" என்று அனுப்பிவிட்டார்கள். பிறகு செம்பாக்கத்தில் ஒரு வீடும் போனது. தினம் வாந்தியெடுத்து முகம் காய்ந்து போனவளைப் பார்த்து, குமரவேல், "போதும், வீட்ல இரு" என்றார். அன்றுதான் அவள் பயந்தாள். வண்டி போனால் வீட்டுச் சுவரைப் பிடித்துக்கொண்டு கிடப்பதுதான் மிச்சம் என்று அவளுக்குத் தெரியும். எனக்கும் தெரியும்.

அன்று சாயங்காலமும் தேவானந்தம் வீட்டுக்குப் போக வேண்டியிருந்தது. அவருக்குச் சர்க்கரை. வலது பாதத்தில் ஆறாத புண். ஒரு வருஷமாகக் கட்டுகிறவள் ஹேமாதான். எந்தச் சண்டைக்காகவும் அவள் அதை நிறுத்தவில்லை. நான் அவள் கையைப் பிடித்துக் கூட்டிப் போனேன்.

ஹாலில் ஜன்னல் பக்கம்தான் வெளிச்சம். அவர் நாற்காலியில் சாய்ந்து, ஜன்னலுக்கு எதிராக ஸ்டூலில் காலை நீட்டினார். அவள் தரையில் உட்கார்ந்து பழைய கட்டைப் பிரித்தாள். புண்ணைக் கழுவினாள். நான் துணியை வெட்டிக் கொடுத்துக்கொண்டிருந்தேன். பாதிக் கட்டில் அவள் நிமிராமலே சொன்னாள்.

"மாமா, நாளைலேர்ந்து நான் கிளம்பக் கூடாதுன்னு அவர் சொல்லிட்டாரு. அதனால ஒண்ணு சொல்லிடறேன். ஜன்னலுக்குப் பக்கத்துல பாருங்க."

பார்த்தார். நானும் அப்போதுதான் பார்த்தேன். ஜன்னலை ஒட்டிய சுவரில், பூ போட்டு, அதே அம்மன். கும்பாபிஷேகத்தன்று எடுத்த பெரிய படம்.

"ஒரு வருஷமா உங்க கால் அம்மனுக்கு நேராத்தான் நீட்டியிருக்கு. நான் ஒரு நாளும் தப்பா நெனக்கல மாமா. வெளிச்சம் அங்கதான இருக்கு. புண்ணு ஆறணுமேன்னுதான் பாத்தேன்."

தேவானந்தம் வெடுக்கென்று காலை இழுக்கப் பார்த்தார். அவள் குதிகாலைப் பிடித்து நிறுத்தினாள்.

"அசைக்காதீங்க. இன்னும் கட்டு முடியல."

அந்தக் காலை அப்படியே நீட்டிக்கொண்டு, படத்தைப் பார்க்கவும் முடியாமல் பார்க்காமல் இருக்கவும் முடியாமல், கட்டு முடிகிறவரை அவர் உட்கார்ந்திருந்தார். எனக்குச் சந்தோஷம் வரும் என்று நினைத்திருந்தேன். வரவில்லை. வெட்டிய மிச்சத் துணியை மடித்துப் பெட்டியில் வைத்தேன்.

மறுநாள் காலையில் ஹேமா வண்டியை எடுத்தாள். பின்னால் உருட்டப் போவதில்லை என்றதும் குமரவேல் தடுக்கவில்லை. டயரில் கை வைக்காமல், நேராக, கால் முன்னே, மெதுவாக மிதித்துக்கொண்டு போனாள். இரண்டு வாசலில் முணுமுணுப்பு கேட்டது. கோயில் வாசலில் தேவானந்தம் கற்பூரத் தட்டோடு நின்றிருந்தார். மறிக்கத்தான் போகிறார் என்று நான் செருப்புக்கூடப் போடாமல் ஓடினேன்.

அவர் படியிறங்கி வந்தார். அவள் பாதத்துக்குப் பக்கத்தில் நின்றார். பிறகு, கட்டுப் போட்ட காலை ஒரு பக்கமாக வைத்துக்கொண்டு, குனிந்தார். தட்டை அவள் முகத்துக்கு நேரே இறக்கிப் பிடித்தார். "எடுத்துக்கோமா," என்றார்.

அவள் ஒற்றிக்கொண்டாள். குங்குமம் வைத்துக்கொண்டாள். குனிந்தவரால் நிமிர முடியவில்லை. ஒரு கையில் தட்டு இருந்தது, மறுகையால் வண்டியின் இருக்கைக் கம்பியைப் பிடித்தார். வண்டி நகர்ந்துவிடாமல் இருக்க, அவர் நிமிர்கிறவரை, ஹேமா இரண்டு பிரேக்கையும் இறுக்கிப் பிடித்துக்கொண்டிருந்தாள்.