ஐப்பசி உத்திராடமும் ஒரு டம்ளர் தண்ணீரும்

விசாலம் டீச்சர் போய்விட்டார். இன்று விடியற்காலை, வலியசாலை வீட்டில், தூக்கத்திலேயே...

அவர் தம்பி மகன் போன் செய்தான். சேதி சொன்ன கையோடு ஒரு கேள்வியும் கேட்டான்.

"டீச்சர், அத்தைக்குச் சுமங்கலின்னு செவப்புப் பொடவை கட்டறதா வேண்டாமான்னு காரியம் பண்ணி வைக்கற வாத்தியார் கேக்கறார். அத்திம்பேர் இருந்தார்னா இப்போ நூறு தாண்டியிருக்கும். அத்தைகூட வேலை பார்த்தவா நீங்க ஒருத்தர்தான் மிச்சம், நீங்களே சொல்லுங்கோ."

நான் என்ன சொன்னேன் என்பது இருக்கட்டும். அவர் யார் என்று முதலில் சொல்ல வேண்டும். ஒற்றை விரலால் டைப் செய்கிறேன், பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

ஐம்பத்து மூன்றில் தம்பானூர் பக்கம் ஒரு பெண்கள் பள்ளியில் கணக்கு டீச்சராகச் சேர்ந்தேன். நாஞ்சில் நாட்டிலிருந்து வந்து ஹாஸ்டல் சோற்றில் வாடிய எனக்கு, டிராயிங் டீச்சர் விசாலம் அக்காவின் டிபன் பாக்ஸ்தான் கதி.

ஆபீஸ் ரூம் வாசலில் ஒரு கண்ணாடிப் பெட்டி இருந்தது. அதில் நாளுக்கும் கிழமைக்கும் பொருத்தமாக உலகப் புகழ் பெற்ற ஓவியம் ஒன்றை அக்கா மாட்டி வைப்பார். எல்லாம் பழைய காலண்டரிலும் இங்கிலீஷ் பத்திரிகையிலும் வெட்டி எடுத்தவை.

கிறிஸ்துமஸுக்கு இத்தாலிக்காரர் வரைந்த தாயும் குழந்தையும். ஓணத்துக்கு, வயலில் குனிந்து கதிர் பொறுக்கும் மூன்று பிரெஞ்சுப் பெண்கள்... "ஓணத்துக்கு இவங்களுக்குப் புதுப்பாவாடை இல்லையா டீச்சரே?" என்று ஒரு வாண்டு கேட்டது இன்னும் காதில் இருக்கிறது.

பண்டிகை இல்லாத நாளில் ஓவியரின் பிறந்தநாள். பால் ஊற்றும் பெண்ணை வரைந்த டச்சுக்காரர் பிறந்த தேதி யாருக்கும் தெரியாதாம். அதற்காக விடுவாரா? ஞானஸ்நானம் வாங்கிய தேதியில் மாட்டினார்.

ஒரே ஒரு படம் மட்டும் வருஷத்துக்கு வருஷம் வேறு வேறு தேதியில் வந்தது. சின்ன வாட்டர் கலர், தம்பானூர் ரயில் பிளாட்பாரம். ஒரு பெஞ்சு, ஒரு விளக்குக் கம்பம், ஆள் யாரும் இல்லை. கீழே ஓவியர் பெயரும் இல்லை.

"போன வர்ஷம் இது வேற தேதி ஆயிருந்நல்லோ, விசாலம்?" என்று ஹெட்மிஸ்ட்ரஸ் கேட்டார். அக்கா சிரித்து மழுப்பினார். நான் பஞ்சாங்கத்தைப் பார்த்தேன். இரண்டு வருஷமும் ஐப்பசி உத்திராடம்.

நட்சத்திரம் பார்த்துப் பிறந்தநாள் கொண்டாடுவது வீட்டு மனுஷருக்குத்தானே... தனியாகக் கேட்டேன். "யாருக்கா அது?"

"எங்காத்துக்காரர்டீ."

யுத்த சமயத்தில் படம் வரையப் போகிறேன் என்று பம்பாய்க்கு ரயில் ஏறியவர். அதோடு சரி, இருக்கிறாரா இல்லையா என்று யாருக்கும் தெரியாது. அக்காவை டிராயிங் படிக்க வைத்து வேலைக்கு அனுப்பியது மாமனார்தான். நல்ல மனுஷர்.

"உயிரோட இருக்கறவாளுக்கு நட்சத்திரம், போனவாளுக்குத் திதி. இவருக்கு நான் நட்சத்திரம்தான் பார்ப்பேன்" என்றார் அக்கா.

ஐம்பத்தாறில் அவர் போய்ப் பன்னிரண்டு வருஷம் முடிந்தது. அத்தனை காலம் தகவல் இல்லாதவரை இறந்தவராக வைத்து, தர்ப்பையில் உருவம் செய்து கொளுத்திக் காரியம் செய்வது அவர்கள் வழக்கம். செய்துவிட்டால் அக்காவின் நெற்றியில் குங்குமம் இருக்காது.

அந்த ஐப்பசி உத்திராடத்தன்றே மாமனார் பள்ளிக்கு வந்து நின்றார். "விசாலம், நாள் குறிக்க வாத்தியார் வந்திருக்கார். ஆத்துக்கு வாம்மா."

"இன்னிக்கு அவருக்குப் பொறந்த நாள்ப்பா. இன்னிக்கா அவருக்குக் காரியத்துக்கு நாள் குறிப்பேள்?"

"பிடிவாதம் இல்லடீம்மா... செத்திருந்தான்னா தாகத்தோட அலைவானே. ஒரு வாய் தண்ணி விட ஆளில்லாம."

அக்கா கண்ணாடிப் பெட்டியின் பக்கம் திரும்பினார்.

பெரியவர் அப்போதுதான் கண்ணாடிப் பெட்டியைப் பார்த்தார். மகன் கைவேலை என்று தெரிந்துவிட்டது. கிட்டப் போய்த் தேடித் தேடிப் பார்த்தார்.

"ஒருத்தருமே இல்லையே இதுல?"

"வரைஞ்சவர் எதிர்ல உக்காண்டிருக்கார்ப்பா."

பெரியவர் சட்டென்று தனக்குப் பின்னால் திரும்பிப் பார்த்தார். நானும் பார்த்தேன். வராந்தா காலியாக இருந்தது.

பெரியவர் மறுபடி படத்தின் பக்கம் திரும்பி, "சரி... ஒரு டம்ளர் தண்ணியாவது வை" என்றார். ஸ்டாஃப் ரூம் கூஜாவிலிருந்து நான்தான் கொண்டுவந்தேன். அக்கா அதைப் படத்துக்குக் கீழே வைத்தார். பிரஷ் கழுவ என்று பிள்ளைகள் நினைத்துக்கொண்டார்கள்.

நாள் குறிக்க வந்த வாத்தியார் அப்புறம் வரவே இல்லை.

அந்த நவம்பரில்தான் மாநிலம் பிரிந்து எங்கள் ஊர் மெட்ராஸ் பக்கம் போனது. நானும் நாகர்கோவிலுக்கு வந்துவிட்டேன். போன் வந்த காலத்திலிருந்து ஒவ்வொரு ஐப்பசியிலும் அக்கா கூப்பிடுவார்.

"இன்னிக்கு உத்திராடம்டீ."

"தண்ணி வச்சாச்சா அக்கா?"

"வச்சாச்சு."

அவ்வளவுதான் பேச்சு.

தம்பானூரில் இறங்கும்போதெல்லாம் பெஞ்சுகளைப் பார்த்துக்கொண்டே நடப்பேன். பயமாகத்தான் இருக்கும். பார்க்காமல் வரவும் முடியாது.

தம்பி மகனிடம் சொல்லிவிட்டேன். சிவப்புப் புடவைதான்... குங்குமம் பெரிதாக வை, யார் என்ன சொன்னாலும் கேட்காதே என்று. அந்தப் படத்தை எனக்குக் கொடுத்துவிடு என்றும் கேட்டிருக்கிறேன்.

போய் வாருங்கள் அக்கா. இனி உங்களுக்குத் திதி பார்ப்பார்கள்.

அவருக்குத் தண்ணீர் நான் வைக்கிறேன்.