ஐந்து மெகாபிக்சலும் ஆறு படமும்

அந்த நாட்களில் டிஜிட்டல் கேமரா வாங்க ஒவ்வொருவருக்கும் ஒரு காரணம் இருந்தது. சிலருக்குக் குழந்தை பிறந்திருந்தது. சிலர் நயாகரா போய்வரத் திட்டமிட்டிருந்தார்கள். எனக்கும் என் அறைத்தோழிக்கும் காரணம், ஊரில் இருந்த ஸ்டூடியோக்காரர்.

நாங்கள் இருவரும் திருநெல்வேலிப் பக்கம். எங்கள் தெருக்களில் கல்யாண வீட்டுப் பெண்கள் போட்டோவுக்குத் தயங்குவது கேமராவுக்குப் பயந்து அல்ல. பிலிமைக் கழுவிப் படம் போடுகிறவர் ஓர் ஆண், அதிலும் உள்ளூர் ஆண். படம் நன்றாக வந்துவிட்டால் இன்னொரு பிரதி போட்டுக் கடைக் கண்ணாடிக்குள் மாட்டினாலும் மாட்டுவார். அதனால் எங்கள் ஊரில் கல்யாணத்தின் பெண்கள் பக்கம் என்பது, பார்த்தவர்கள் சொன்னால் உண்டு, சொல்லாவிட்டால் இல்லை.

2005இல் நாங்கள் டெக்ஸாஸில், இர்விங்கில் ஓர் அபார்ட்மெண்டில் குடியிருந்தோம். இருவருக்கும் மென்பொருள் வேலை. தோழிக்கு அங்கேயே மாப்பிள்ளை அமைந்தது. அவள் கம்பெனி மாறியிருந்ததில் விசா காகிதங்கள் பாதி வழியில் நின்றன. இப்போது ஊருக்குப் போனால் திரும்பி வருவது நிச்சயமில்லை என்று வக்கீல் சொல்லிவிட்டார். ஆகவே நிக்காஹ் இங்கேயே என்று முடிவானது. மாப்பிள்ளையின் தாயாருக்கு விசா கிடைத்தது. தோழியின் உம்மாவுக்குக் கிடைக்கவில்லை.

அந்த உம்மாவை நான் மாமி என்று கூப்பிடுவேன். விசா இல்லை என்று தெரிந்த வாரம் போனில் என்னிடம் ஒரே ஒரு விஷயம் கேட்டார்.

"ஏளா, எல்லாத்தையும் எடுக்காண்டாம். கருகமணி கட்டுத நேரத்துல எம் புள்ள மொகம் எப்படி இருந்துச்சுன்னு ஒரு போட்டோ எடுத்து அனுப்பிரு. அதப் பாத்தா எனக்குப் போதும்."

எங்கள் வழக்கத்தில் தாலியின் இடத்தில் கருகமணி. அதைக் கட்டுவது மாப்பிள்ளை அல்ல, அவருடைய தாயார்.

"எடுக்கேன் மாமி. டிஜிட்டல்ல எடுக்கேன். அதுக்கு ஸ்டூடியோவே கெடையாது. ஒரு ஆம்பள கண்ணு படாது" என்றேன்.

எங்கள் வீட்டில் முதலில் பள்ளிக்கூடம் போனவள் நான். தெருவில் யாருக்கு மருந்துச் சீட்டு வந்தாலும், கரண்ட் பில் வந்தாலும், கோர்ட் நோட்டீஸ் வந்தாலும் என் கைக்குத்தான் வரும். அச்சிட்டதை ஒழுங்காகப் படித்தால் உலகத்தில் எதிலும் ஏமாறாமல் இருக்கலாம் என்ற எண்ணம் எனக்குப் பத்து வயதிலேயே வந்துவிட்டது. இன்றைக்கும் முழுதாகப் போய்விட்டது என்று சொல்லமாட்டேன். ஆகவே கேமரா வாங்குவதை நான் ஒரு பரீட்சையாக எடுத்துக்கொண்டேன்.

அலுவலகத்தில் எனக்கு அடுத்த தடுப்பில் உட்கார்ந்திருந்த சென்னைக்காரர் கேமரா விஷயத்தில் பெரிய அறிஞர் என்று பெயர் வாங்கியிருந்தார். அவரிடம் ஒரு ஸ்பிரெட்ஷீட் இருந்தது. நீளவாக்கில் முப்பது கேமரா, அகலவாக்கில் பதினான்கு தகுதி, ஒவ்வொன்றுக்கும் மதிப்பெண்.

"த்ரீ மெகாபிக்சல்லாம் வேஸ்ட்டுங்க. மினிமம் ஃபைவ். அப்புறம் டிஜிட்டல் ஜூம்ன்னு போட்டிருப்பான், அத நம்பாதீங்க. ஆப்டிகல் மட்டும் பாருங்க."

"நீங்க எது வச்சிருக்கீங்க?"

"நான் இன்னும் வாங்கலங்க. டிசைட் பண்ணுவேன், உடனே நியூ மாடல் ரிலீஸ் பண்ணிடுவான். ரெண்டு வருஷமா கம்பேர் பண்ணிட்டு இருக்கேன்."

அந்த இரண்டு வருடத்தில் அவருக்கு ஒரு மகன் பிறந்து, தவழ்ந்து, நடந்து, டே கேரிலும் சேர்ந்திருந்தான். குழந்தையின் படம் ஏதாவது இருக்கிறதா என்று கேட்டேன். மேசை மேல் இருந்ததைக் காட்டினார். பாஸ்போர்ட்டுக்கு எடுத்தது.

நிக்காஹ் நடக்க இருந்தது பக்கத்து ஊரான காப்பெலில், ஓர் ஆன்டி வீட்டில். அவர்கள் அமெரிக்காவில் குடியேறிப் பதினைந்து வருடம். அவர்களுக்கு ஸ்பிரெட்ஷீட் எல்லாம் தேவைப்படவில்லை.

"எதுக்குமா இவ்ளோ யோசிக்கிறே? இருக்கிறதுலேயே காஸ்ட்லியா ஒண்ணு வாங்கு, ஃபங்ஷனுக்கு யூஸ் பண்ணு, மண்டே ரிட்டர்ன் பண்ணிடு. நாங்க கேம்கார்டர்ல மூணு பர்த்டே அப்படித்தான் முடிச்சோம். பாக்ஸ மட்டும் கிழிக்காம தொற."

"அது தப்பில்லையா ஆன்டி?"

"என்ன தப்பு? அவன்தானே போர்டு வச்சிருக்கான், எனி ரீசன்னு!"

நான் அப்படிச் செய்கிறவள் இல்லை என்று சொல்லிவிட்டேன். சொன்ன விதத்தில் ஆன்டிக்குக் கொஞ்சம் வருத்தம்தான்.

மூன்று வாரம் படித்து, ஒப்பிட்டு, என் பட்ஜெட்டுக்குள் ஐந்து மெகாபிக்சலில் வெள்ளி நிறத்தில் ஒன்றைத் தேர்ந்தெடுத்தபோது நிக்காஹுக்கு இரண்டு நாள் இருந்தது. கடையில் பில் போட்டது மூக்குக்கண்ணாடியைச் சங்கிலியில் கோத்துக் கழுத்தில் தொங்கவிட்டிருந்த வயதான அமெரிக்கப் பெண்மணி. பெட்டியைத் திருப்பிப் பார்த்துவிட்டு, பெரிய மெமரி கார்டு ஒன்றும், சார்ஜ் ஏற்றுகிற பேட்டரி ஒரு ஜோடியும் சேர்த்து எடுத்துக்கொள்ளச் சொன்னார்.

"அக்சசரீஸ்லதாங்க அவன் சம்பாதிக்கிறான்" என்று சென்னைக்காரர் என்னை முன்பே எச்சரித்திருந்தார். பெட்டியின் ஓரத்தில் 'மெமரி கார்டு உள்ளே இருக்கிறது' என்று அச்சிட்டிருந்த வரியின் மேல் விரலை வைத்து அந்த அம்மாளுக்குக் காட்டினேன். பத்தாம் வகுப்புப் பிள்ளைக்கு விடைத்தாளில் தப்பைக் காட்டுவது போலத்தான் காட்டினேன். அவர் கண்ணாடியை மூக்கில் ஏற்றி, படித்து, உள்ளே இருப்பது பேருக்குக் கொடுப்பது, கல்யாணத்துக்குக் காணாது என்றார். நான் புன்னகைத்தேன். துணைப்பொருளில் நான் வாங்கியது ஒரே ஒரு தோல் உறை. உள்ளே சிவப்பு வெல்வெட். அதில் யாரும் என்னை ஏமாற்ற முடியாது. என்ன இருக்கிறது என்று கண்ணால் பார்க்க முடிந்தது.

இரண்டு நாளும் கையேட்டை முதல் பக்கத்திலிருந்து படித்தேன். கண் சிவப்பாக விழுவதைத் தடுப்பது எப்படி என்ற அத்தியாயம் வரை வந்திருந்தேன். எந்தக் கார்டில் எத்தனை படம் என்ற அட்டவணை கடைசிப் பக்கத்தில் இருந்தது.

இன்னொன்றையும் சொல்லவேண்டும். பெண்கள் பக்கத்தில் ஒரே கேமராதான் இருக்கவேண்டும் என்பது எல்லோரும் சேர்ந்து எடுத்த முடிவு. படங்கள் பல வீட்டுக் கம்ப்யூட்டர்களுக்குப் பரவக்கூடாது. அந்த ஒரு கேமரா என்னுடையது. வேறு யாரும் கொண்டுவர வேண்டாம் என்று வீட்டுக்கு வீடு போன் போட்டுச் சொன்னதும் நான்தான்.

சனிக்கிழமை கீழே ஹாலில் ஆண்கள், மாடியில் பிள்ளைகள் விளையாடும் பெரிய அறையில் பெண்கள். பெரிய டிவி மேல் ஒரு பட்டுச் சேலையை விரித்து மறைத்து, அதற்கு முன்னால் சோபாவில் தோழியை உட்காரவைத்திருந்தார்கள். நான் முதல் தடவையாகக் கேமராவின் சுவிட்சைத் தட்டினேன். திரையின் மூலையில் 6 என்று வந்தது. ஆறாவது ஏதோ அமைப்பு என்று நினைத்தேன். ஒரு படம் எடுத்ததும் 5 ஆனது.

அலுவலகத்தில் எனக்கு என்ன வேலை என்று இங்கே சொல்லாமல் விட்டால் நியாயமில்லை. ஒரு பெரிய கம்பெனியின் தகவல்களைச் சேர்த்துவைக்க அடுத்த ஐந்து வருடத்துக்கு எவ்வளவு இடம் தேவைப்படும் என்று முன்கூட்டியே கணக்கிட்டுச் சொல்வதுதான் என் வேலை.

தரத்தைக் குறைத்தால் இன்னும் பல படம் எடுக்கலாம் என்பது எனக்குத் தெரியும். ஆனால் ஐந்து மெகாபிக்சல் வாங்கிவிட்டு இரண்டில் எடுப்பது, கல்யாணப் பட்டைக் கட்டிக்கொண்டு அதன் மேல் நைட்டி போட்டுக்கொள்வது போல. மனம் வரவில்லை. பிடிக்காத படத்தை அழித்துவிட்டு மறுபடி எடுக்கலாமே, டிஜிட்டலின் பெருமையே அதுதானே என்று நானே எனக்குச் சமாதானம் சொல்லிக்கொண்டேன்.

அழிக்கலாம் என்பது அறைக்குள் பரவியதுதான் தாமதம்.

"ஐயோ, டபுள் சின் தெரியுது. டிலீட் பண்ணு, டிலீட் பண்ணு!"

"என் கண்ணு மூடியிருக்கு. இன்னொண்ணு எடும்மா."

"இவ மட்டும் ஜூம்ல பெருசா இருக்கா. நான் என்ன வாட்ச்மேனா, ஓரத்துல நிக்க?"

நாற்பது பெண்கள். வாழ்க்கையில் முதல் தடவையாகத் தங்கள் படத்தை அந்த நிமிடமே பார்த்து, பிடிக்காவிட்டால் இல்லாமல் ஆக்கும் உரிமை கிடைத்திருந்தது. மணப்பெண்ணை யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. எல்லோரும் என்னைச் சுற்றி நின்று கையகலத் திரைக்குள் தங்களைத் தேடிக்கொண்டிருந்தார்கள். முந்நூறு படமாவது எடுத்திருப்பேன். எந்த நேரத்திலும் உயிரோடு இருந்தவை ஆறு.

கீழே ஆண்கள் துஆ ஓதி முடித்தார்கள். மாப்பிள்ளையின் தாயார் வெள்ளித் தட்டில் கருகமணியை எடுத்துக்கொண்டு மாடி ஏறி வந்தார். நான் கூட்டத்தை விலக்கிக்கொண்டு முன்னால் போய் நின்று, கேமராவை உயர்த்தி அழுத்தினேன். கார்டு நிறைந்துவிட்டது என்று திரை சொன்னது.

ஒன்றை அழிக்கவேண்டும். முதல் படத்துக்குப் போனேன்.

"அத அழிக்காத! அதுல மட்டும்தான் நான் ஒல்லியா இருக்கேன்" என்றார் காப்பெல் ஆன்டி, என் தோளுக்கு மேலிருந்து.

இரண்டாவது படத்துக்குப் போனேன். அதன் சொந்தக்காரி என் முழங்கையைப் பிடித்தாள். மூன்றாவதற்கும் ஆள் இருந்தது. நான்காவது படத்துக்கு யாரும் உரிமை கொண்டாடவில்லை. அழிக்கவா என்று கேமரா கேட்டது. ஆம் என்றேன். நிச்சயமாகவா என்று கேட்டது. ஆம் என்றேன். ஒரு மணல்கடிகாரம் வந்து சுழன்றது. அது நின்று நான் நிமிர்வதற்குள் குரவைச் சத்தம் எழுந்துவிட்டது. முடிச்சு விழுந்திருந்தது.

"அதான் கட்டியாச்சே, இப்ப என்ன? அவுத்துட்டு இன்னொரு தடவ கட்டச் சொல்லு, ஒரு செகண்ட்தானே" என்றாள் எவளோ ஒருத்தி, பின்னாலிருந்து.

"அஸ்தஃபிருல்லாஹ்!" மாப்பிள்ளையின் தாயார் இரண்டு கையாலும் மருமகள் கழுத்தைப் பொத்திக்கொண்டார். "கட்டுனத அவுக்கவா? வாயக் கழுவு புள்ள."

பிறகு ஆன்டி ஒரு வழி கண்டுபிடித்தார். மாமியார் கட்டுவது போல மருமகள் பிடரிக்குப் பின்னால் கையை வைத்துக்கொள்ள வேண்டும், அவ்வளவுதான். அவர் வைத்தார். தோழிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. நான் எடுத்தேன். மிக அருமையான படம். இமை மயிரை எண்ணலாம்.

திங்கட்கிழமை அதை மின்னஞ்சலில் அனுப்பப் போகும்போதுதான் இன்னொரு சங்கதி உறைத்தது. மாமி வீட்டில் கம்ப்யூட்டர் இல்லை. தெருமுனை பிரவுசிங் சென்டரில்தான் திறந்து பார்க்கவேண்டும். சென்டர் வைத்திருப்பவர் யாரென்று விசாரித்தோம். ஸ்டூடியோக்காரரின் தம்பி.

சரி, இங்கேயே அச்சுப் போட்டு அனுப்பலாம் என்றால், மருந்துக்கடைப் போட்டோ கவுண்டரில் நிற்பவரும் ஆண்தான். காப்பெல் ஆன்டியிடம் கேட்டோம். அவர் ஒரு வினாடிகூட யோசிக்கவில்லை.

"அவன் பாத்தா பரவால்லமா. அவனுக்கு யார் யாரோட பொண்ணுன்னு தெரியுமா? ஊர்க்காரன் பாத்தாத்தான் ப்ராப்ளம்."

மார்க்கச் சட்டம் இவ்வளவு சுலபமாகக் கடல் தாண்டியதை நான் அதற்கு முன் கண்டதில்லை. ஆறு படத்தையும் அச்சுப் போட்டு, ஊருக்குப் போகிற ஒருவரின் பெட்டியில் கொடுத்தனுப்பினோம். ஐந்து ஆன்டிகள், ஒரு மணப்பெண்.

பதினைந்து நாள் கழித்து ஒரு ஞாயிற்றுக்கிழமை, தோழியின் புதுவீட்டுக்குப் போயிருந்தேன். மாமி போனில் இருந்தார். என்னிடம் கொடுக்கச் சொன்னார்.

"போட்டோ வந்துட்டு, ளா. நல்லாத்தான் இருக்கு. ஆனா சம்மந்தி கை சும்மால்லா இருக்கு? நூலு இல்லையே."

போனை மறு காதுக்கு மாற்றினேன்.

"கட்டி முடிச்சப் பொறவு கைய வச்சு எடுத்திருக்கிய. என்ன?"

"ஆமா மாமி."

"சிரிக்கா. இந்தச் சிரிப்பு எனக்குத் தெரியும், இது வெளையாட்டுச் சிரிப்பு. நெசமா கட்டுதப்ப எப்படி இருந்தா? அழுதாளா?"

"நான் பாக்கல, மாமி."

"பக்கத்துலதான நின்ன?"

"பக்கத்துலதான் நின்னேன். கேமராவப் பாத்துக்கிட்டு இருந்தேன்."

"அப்ப கேமராவுல இருக்கும்லா?"

"இல்ல மாமி. அந்த நேரத்துல வேற ஒருத்தங்க படத்த அழிச்சிக்கிட்டு இருந்தேன்."

"படிச்ச புள்ள" என்றார் மாமி. திட்டினாரா, தனக்குத்தானே சொல்லிக்கொண்டாரா என்று தெரியவில்லை.

தோழியைப் பார்த்தேன். "எனக்கு எதுவுமே ஞாபகம் இல்லடி. தலையக் குனிஞ்சிருந்தேன், அவ்வளவுதான்" என்றாள். அறையில் இருந்த நாற்பது பேரில் யாரைக் கேட்கலாம் என்று மனதுக்குள் ஓட்டிப் பார்த்தேன். ஒருத்தரும் தேறவில்லை. அவர்கள் எல்லோரும் என் கையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

சமையலறையில் வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்த மாப்பிள்ளையின் தாயார் கத்தியை வைத்துவிட்டு வெளியே வந்தார். கல்யாணப் பேச்சு தொடங்கிய நாளிலிருந்து அவரும் மாமியும் ஸலாம் சொல்லி நலம் விசாரித்ததற்கு மேல் பேசியதில்லை. ஒருவருக்கு விசா கிடைத்து ஒருவருக்குக் கிடைக்காததற்குப் பிறகு அதுவும் குறைந்திருந்தது. சேலைத் தலைப்பில் கையைத் துடைத்துக்கொண்டு போனை என்னிடமிருந்து வாங்கினார்.

"சம்மந்தி, நான் சொல்லுதேன், கேளுங்க. மொதல்ல எனக்குத்தான் கட்ட வரல. ரெண்டு தடவ முடிச்சு நழுவிட்டு. உங்க மவ தலையக் குனிஞ்சு, முடிய ஒதுக்கித் தந்தா. கண்ணத் தொறக்கவே இல்ல. மூணாவது தடவ கட்டுதப்ப என் கையில ஒரு சொட்டு விழுந்துச்சு. சுட்டுச்சு."

போனில் மாமியின் குரல் எனக்கும் கேட்டது. "ஒரு சொட்டுதானா?"

"அதுக்கும் சொல்லுதேன். இருங்க, உக்காந்துக்கிடுதேன்" என்று அவர் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டார்.