பட்டாளத்து ரேடியோ

எண்பதுகளில் சமயநல்லூரில் எனக்கு ரேடியோ ரிப்பேர் தொழில். உலகப் போரில் ராணுவம் பயன்படுத்திய ரேடியோ ஒன்று மதுரையில் பழைய இரும்புக் கடைச் சம்மட்டிக்குக் காத்துக் கிடந்தது. தூக்கி வந்து, துருவைச் சுரண்டி, அதற்கான கண்ணாடி வால்வுக்கு நாயாய் அலைந்து, ஒருவழியாகப் பேச வைத்தேன். தெருவே வந்து கேட்டது.

அப்போது செய்தி அனுப்புகிற வயர்லெஸ் வைத்திருப்பவர்களைப் போலீஸ் பிடிக்கிறது என்று ஊரெல்லாம் பேச்சு. ஒரு நாள் மனைவி ஓடி வந்தாள்.

"ஏங்க, போலீஸ்காரர் ஒருத்தர் நம்ம வீட்டை விசாரிச்சுக்கிட்டு வாராரு!"

என்னுடையது கேட்க மட்டுமே முடிகிற பெட்டி. சொன்னால் யார் நம்புவார்கள்? இருவருமாகத் தூக்கிக் கொல்லைக் கிணற்றில் போட்டோம்.

வந்தவர் கக்கத்தில் ஒரு டிரான்சிஸ்டர். "அண்ணே, பட்டாளத்து ரேடியோவையே பாட வச்சீங்களாம்ல? இதையும் கொஞ்சம் பாருங்க."

ஒரு ஒயர்தான் விட்டுப்போயிருந்தது. சால்டர் வைத்து ஒட்டிக் கொடுத்தேன்.

"அந்தப் பெரிய ரேடியோவையும் காட்டுங்கண்ணே."

விற்றுவிட்டேன் என்றேன்.

குடிக்கத் தண்ணீர் கேட்டார். மனைவி அந்தக் கிணற்றில்தான் இறைத்து வந்தாள். "நல்ல தண்ணி" என்று இன்னொரு செம்பு வாங்கிக் குடித்தார்.

சம்மட்டியிடமிருந்து மீட்டதை என் பயத்திடமிருந்து மீட்க முடியவில்லை. எனக்குத்தான் அதன்பிறகு அந்தத் தண்ணீர் தொண்டையில் இறங்கவே இல்லை.