பறி கடிக்கும் பல்

புதிதாக வேலைக்குச் சேரும் பல் டாக்டர்கள் என்னிடம் தவறாமல் கேட்பார்கள்: "மேடம், சொத்தையை அடைக்க வெள்ளை நல்லதா, சில்வர் நல்லதா?" நான் கன்னியம்மாவின் கதையைச் சொல்வேன்.

பழவேற்காடு ஏரிக்கரையில் நாங்கள் நடத்திய பல் முகாமுக்கு, கன்னத்தைப் பிடித்தபடி தோணிரேவு கிராமத்திலிருந்து வந்தார் அவர். ஏரியில் இறங்கிக் கையாலேயே துழாவி இறால் பிடிப்பவர். மேல் வரிசையில், சிரித்தால் தெரிகிற பல்லில் பெரிய சொத்தை. வெளிப்பக்கச் சுவர் மெலிந்திருந்தது. நல்லவேளை, நரம்பு தப்பியிருந்தது.

"வெள்ளையே வெச்சிடலாம்மா. பல்லு கலர்லயே இருக்கும். லைட் அடிச்சா உடனே இறுகிடும்" என்றேன்.

"பறி தாங்குமா?"

எனக்குப் புரியவில்லை. வெளியே போய், பனையோலையில் முடைந்த ஒரு பையை எடுத்து வந்தார். அதுதான் பறி. இரண்டு கைகளும் சேற்றில் இறால் தேடும்; பிடித்ததைப் போட்டுவைக்கும் பறியைப் பல்தான் கடித்துப் பிடித்திருக்க வேண்டும்.

"அந்தப் பக்கத்துப் பல்லு முன்னியே பூட்ச்சி டாக்டரம்மா. இதுவும் பூட்ச்சின்னா நான் கரையிலதான் குந்தணும்."

கடி எங்கே படுகிறது என்று பார்க்க நாங்கள் நீல கார்பன் தாள் வைப்போம். அதைப் பல்லுக்கும் பறியின் விளிம்புக்கும் நடுவில் வைத்துக் கடிக்கச் சொன்னேன்.

"சும்மா கடிச்சா இன்னா தெரியும்? தண்ணி இழுக்கும்ல. நீ புடிச்சி இழு" என்றார்.

பயந்து பயந்துதான் இழுத்தேன். அவர் தலை இம்மியும் அசையவில்லை. என்ன கழுத்து, என்ன தாடை! அசந்துபோனேன்.

நீலம் அத்தனையும் அந்த மெலிந்த சுவரின்மேல் இருந்தது. அதை அப்படியே விட்டு வெள்ளை வைத்தால் என்றைக்காவது பிளந்துவிடும். சுவரின் உயரத்தைக் குறைத்து, மேலே கனமாகச் சில்வர் போட்டு மூட முடிவு செய்தேன்.

"சிரிச்சா கறுப்பாத் தெரியும். நாளைக்கு முழுக்கப் பறியைக் கடிக்கக் கூடாது."

"தெரிஞ்சா இன்னா? பல்லை வெலைக்கா வெச்சிக்கிறேன்?"

அன்றிலிருந்து எந்த அடைப்பு நல்லது என்று நான் முதலில் யோசிப்பதில்லை. இந்தப் பல்லால் என்ன வேலை செய்கிறீர்கள் என்றுதான் கேட்கிறேன்.

பல மாதங்கள் கழித்துப் படகில் போகும்போது, தண்ணீருக்கு மேலே கன்னியம்மாவின் தலை மட்டும் தெரிந்தது. "பல்லு எப்படி இருக்கு?" என்று கத்தினேன். கண்ணால் சிரித்தாரே தவிர, பதில் வரவில்லை. வாயைத் திறந்தால் பறி போய்விடும்.