நுஸ்லா திறக்காத பை

எங்கள் பலாபத்வலையில் நுஸ்லாவைத் தெரியாதவர்கள் இல்லை. தெரிந்தவர்களில் பாதிப் பேருக்கு அவளைப் பிடிக்காது. இரண்டு பிள்ளைகளின் தாய், வெள்ளைக்காரிகளைக் கூட்டிக்கொண்டு காடு மேடெல்லாம் திரிகிறாள் என்றால் எங்கள் ஊர் வாய் சும்மா இருக்குமா? நான் அவளுடைய பக்கத்து வீட்டுக்காரி. எனக்கு அவளைப் பிடிக்கும், அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

அவள் பிறந்தது லக்கல பக்கம், பல்லேகமையில். வாப்பா றஹீமுக்கு அங்கே வயல். காலையில் ரோட்டில் யானை லத்தியைப் பார்த்து, அது ஆறிவிட்டதா, யானை தூரப் போய்விட்டதா என்று தெரிந்துகொண்டு பள்ளிக்கூடம் போனவள். மிளகு வியாபாரி இப்திகாருக்கு வாழ்க்கைப்பட்டு எங்கள் ஊருக்கு வந்தாள். வியாபாரம் படுத்துவிட்ட வருஷம், அழுதுகொண்டு உட்காராமல் வழிகாட்டிப் பயிற்சிக்குப் போனாள். பெண் வழிகாட்டிதான் வேண்டும் என்று கேட்கிற வெளிநாட்டுப் பெண்கள் நிறையப் பேர் இருந்ததால் வேலையும் கிடைத்தது.

ஒருநாள் துணி காயப்போடும்போது வேலிக்கு அந்தப் பக்கமிருந்து கேட்டாள்.

"ராத்தா, எங்கிருந்தோ வாறவங்க நம்ம காட்டப் பார்த்துட்டுப் போறாங்க. நம்ம பொம்புளைங்க ஒருத்தராவது பார்த்திருக்காங்களா?"

"நமக்கு அடுப்பங்கரையே காடுதான்" என்றேன்.

அவள் சிரிக்கவில்லை. வஸ்கமுவ வனவிலங்குப் பூங்காவுக்குள் இரண்டு இரவு கூடாரத்தில் தங்குகிற பயணம், பெண்களுக்கு மட்டும் என்று அறிவித்துவிட்டாள். இப்திகார் தலையாட்டிவிட்டார். ஆனால் அந்த வீட்டில் அவர் தலையாட்டுவதால் ஒன்றும் ஆகாது. அவருடைய உம்மா மஸீஹா மாமி சொல்வதுதான் முடிவு. மாமி யோசித்து ஒரு நிபந்தனை போட்டார்.

"முதல் பயணத்துக்கு நானும் வாறேன். கண்ணால பார்க்கிறேன். சரியில்லன்னு நான் சொன்னா, அதோட இந்தக் காட்டு வேலையெல்லாம் முடிஞ்சிச்சு. சரியா?"

நுஸ்லா சரி என்றாள். வேறென்ன சொல்வாள்?

நானும் போனேன். காட்டின் மேல் ஆசைப்பட்டு அல்ல. மூன்று நாள் யாராவது எனக்குச் சமைத்துத் தருவார்களே என்றுதான். வேனில் ஏறியவர்களைப் பார்த்தால் கல்யாண வீட்டுக்குப் போகிற கூட்டம் மாதிரி இருந்தது. ஒருத்தி ஸ்திரிக்கைப் பெட்டியைக்கூடக் கொண்டுவந்திருந்தாள். காட்டுக்குள் எதில் சொருகப் போகிறாய் என்று கேட்டதற்கு முறைத்தாள்.

பூங்கா வாசலில் நுஸ்லா வேறு ஆளாகிவிட்டாள். குரலே மாறிவிட்டது. "பழம், இனிப்பு, கருவாடு ஒன்னும் டென்ட்டுக்குள்ள போகக் கூடாது. எல்லாத்தையும் ஜீப்புல இருக்கிற இரும்புப் பெட்டியில போட்டுப் பூட்டணும். யானைக்கு மணம் பட்டா தேடிக்கிட்டு வந்துரும்." சொன்னதோடு விடவில்லை. ஒவ்வொருத்தியின் பையையும் திறந்து கையை விட்டுப் பார்த்தாள். என் பையின் அடியிலிருந்து தொதல் இனிப்புப் பொட்டலத்தை எடுத்தபோது எனக்குக் கோபம் கோபமாக வந்தது.

கடைசியாக மாமி. மாமி பையை மடியில் வைத்துக்கொண்டு நுஸ்லாவைப் பார்த்தார். நுஸ்லா ஒரு நொடி நின்றாள். மாமியாரின் பையில் கைவிடுகிற மருமகள் எங்கள் ஊரில் இன்னும் பிறக்கவில்லை. "சரி, ஜீப்புல ஏறுவோம்" என்றாள்.

அந்த முதல் நாள் என் ஆயுசுக்கும் மறக்காது. மருதமர நிழலில் கூடாரங்கள். முன்னால் ஆறு. நுஸ்லா ஆழமில்லாத இடத்தைக் காட்டிக்கொடுத்தாள். உடுத்த உடுப்போடு இறங்கி, பள்ளிக்கூடப் பிள்ளைகள் மாதிரிக் கத்தினோம். காவலுக்கு வந்த வனவிலங்கு உத்தியோகத்தர் சேனாரத்ன, எங்களுக்குக் கூச்சமாக இருக்கும் என்று எட்டப் போய் முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தார். மாமி மட்டும் கரையில் நாற்காலியில் இருந்தார். முகத்தில் நல்லது கெட்டது ஒன்றும் தெரியவில்லை. நுஸ்லா அடிக்கடி அந்த முகத்தைத் திரும்பித் திரும்பிப் பார்த்தாள். பரீட்சை முடிவுக்குக் காத்திருக்கிறவள் மாதிரி அவள் இருந்தது எனக்கே பாவமாகப் போய்விட்டது.

மறுநாள் சுபஹு தொழுதுவிட்டு நாங்கள் ஆற்றோரம் தேநீருக்கு உட்கார்ந்தோம். மாமி இடுப்பு வலிக்கிறது என்று கூடாரத்துக்குள் போய்ப் படுத்தார். நன்றாக விடிந்திருந்தது. மரங்களுக்குப் பின்னாலிருந்து தனியன் யானை ஒன்று வந்தது. சத்தமே இல்லை. மற்றக் கூடாரங்களை விட்டுவிட்டு நேரே மாமியின் கூடாரத்து வாசலுக்குப் போய், துதிக்கையால் துணியைத் தடவியது.

சேனாரத்ன யானை வெடியைக் கையில் எடுத்தார். வேண்டாம் என்று நுஸ்லா கையைக் காட்டினாள். யானை மிரண்டு ஓரடி முன்னால் வைத்தாலும் கூடாரம் அதன் காலுக்குக் கீழேதான். அவள் சமையல் கத்தியை எடுத்துக்கொண்டு, சுற்றிப் போய், கூடாரத்தின் பின்பக்கம் குந்தினாள். துணியை மேலிருந்து கீழாகக் கிழித்தாள்.

"மாமி, இந்தப் பக்கம் வாங்க. மெதுவா."

மாமியின் தலை வெளியே வந்தது. கூடவே பையும் வந்தது. மாமி அதை நெஞ்சோடு கட்டிப் பிடித்திருந்தார். துதிக்கை உள்ளே வந்து துழாவிக்கொண்டிருக்கிறது, இந்த மனுஷி பையை விடமாட்டேன் என்கிறார்!

"பேக்க விடுங்க மாமி."

மாமி விடவில்லை.

"விடுங்கன்னு சொல்றேன்ல!" நுஸ்லா பல்லைக் கடித்துக்கொண்டு அதட்டினாள். மாமியை அப்படி அதட்டிய ஆள் உலகத்தில் இல்லை. மாமி பையை விட்டார். நுஸ்லா அவரை இழுத்து, அணைத்துப் பிடித்து, ஓடாமல் எங்களிடம் நடத்திக்கொண்டு வந்தாள்.

யானை கூடாரத்தைச் சரித்து, பையைக் கிழித்து, உள்ளேயிருந்த கோலிக்குட்டு வாழைப்பழச் சீப்பை அவசரமில்லாமல் தின்றது. மாமியின் புது அபாயாவையும் வாயில் போட்டுப் பார்த்து, பிடிக்காமல் துப்பியது. பிறகு வந்த வழியே போய்விட்டது.

சேனாரத்னவின் முகம் கறுத்திருந்தது. யார் பழத்தைக் கூடாரத்துக்குள் கொண்டுபோனது என்று சிங்களத்தில் கேட்டார். இப்படி நடந்தால் இனி இங்கே தங்க அனுமதி கிடைப்பதே கஷ்டம் என்றார்.

"பிழை என்மேலதான். பையைப் பார்க்காம விட்டது நான்" என்றாள் நுஸ்லா.

மாமிக்குச் சிங்களம் எங்களைவிட நன்றாக வரும். நுஸ்லாவை ஒதுக்கிக்கொண்டு முன்னால் போனார். பை என்னுடையது, நான் சீனி வருத்தக்காரி, ராத்திரியில் சீனி இறங்கினால் கேட்பாரில்லாமல் கிடப்பேனோ என்று பயந்து ஒளித்துக்கொண்டு வந்தேன், இந்தப் பிள்ளைக்கு ஒன்றும் தெரியாது என்று சொல்லி முடித்தார். சேனாரத்ன நுஸ்லாவைப் பார்த்தார். இனி ஒரு பையைக்கூட விடாதே, நங்கி என்று தங்கச்சிக்குச் சொல்கிற மாதிரிச் சொல்லிவிட்டுப் போனார்.

மாமி நுஸ்லா பக்கம் திரும்பினார்.

"எல்லார்ட பேக்கையும் பார்த்த. என்டத ஏன் பார்க்கல்ல?"

"உங்கட பேக்ல நான் எப்படி மாமி கை வைக்கிற?"

மாமி போய், யானை துப்பிய அபாயாவை எடுத்து உதறினார். அன்று முழுக்கப் பேசவே இல்லை. முடிந்தது கதை என்று நினைத்துக்கொண்டேன். நுஸ்லாவும் அப்படித்தான் நினைத்தாள். வெளியில் காட்டிக்கொள்ளாமல் எங்களுக்கு மயில் காட்டினாள், குளம் காட்டினாள், சிரித்தாள். மற்றப் பெண்கள் அடுத்த பயணம் எப்போது என்று கேட்டபோது மட்டும் கேட்காத மாதிரி இருந்துவிட்டாள்.

மூன்றாம் நாள் திரும்பி வரும்போது, பூங்காவைத் தாண்டிக் கொஞ்ச தூரத்தில் எல்லாருடைய போன்களும் ஒன்றாகக் கத்த ஆரம்பித்தன. மாமியின் போனில் இப்திகார். வேன் முழுக்க வாயைப் பொத்திக்கொண்டது.

"ஓம், ஆன வந்திச்சு… யாருடா அதுக்குள்ள சொன்ன? எனக்கு ஒன்னுமில்ல. பிழை என்மேலதான்… சத்தம் போடாம நான் சொல்றதக் கேளு. இவ இல்லாட்டி என்ட மையத்தத்தான் நீ நேத்தே தூக்கியிருப்ப. வேலைய விடுறதா? யாரு சொன்ன? ஊட்டுலதான் நான் மாமி. காட்டுல இவ சொல்றதுதான். அதை நானே கேட்டுக்கிட்டேன், நீ யாரு கேக்காம இருக்க?"

போனை அணைத்துப் பைக்குள் போடப் பார்த்தார். பைதான் இல்லையே. மடியில் வைத்துக்கொண்டார்.

நுஸ்லா முன் சீட்டில் ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பியிருந்தாள். தோள் குலுங்கியது. எனக்கும் கண் நிறைந்துவிட்டது, மறைப்பானேன்.

"அழுதது போதும்" என்றார் மாமி. "அடுத்த பயணம் எப்ப? என்ட தங்கச்சிமார் கேட்டா நான் என்ன சொல்ற?"