அம்மா நடந்த நடை

காய்கறி வாங்கப் போன கிள்ளான் பாசாரில் எனக்கு முன்னால் அம்மாவின் சிலிப்பர் சளக் சளக்கென்று போனது. அந்தச் சத்தம் கேட்டதும் தொண்ணூறுகளுக்குப் போய்விட்டேன்.

அப்போது பிரிக்பீல்ட்ஸில் கம்ப்யூட்டர் அனிமேஷன் படித்தேன். திரையில் ஒரு பொம்மையை நடக்க வைத்தால்தான் அடுத்த வகுப்பு. மறுநாள் கடைசி நாள். என் பொம்மையோ நடக்காமல் சறுக்கிக்கொண்டிருந்தது.

“கொஞ்சம் நடந்து காட்டும்மா, பாத்துச் செய்யணும்” என்றேன். அம்மா கைலியை மாற்றிப் பட்டுப்புடவை கட்டி, பவுடரும் பூசி வந்தார். நான் பார்க்கிற கூச்சத்தில் வலது காலோடு வலது கையும் சேர்ந்தே போனது.

அந்நேரம் தெருவில் கேஸ் சிலிண்டர் லோரி ஹார்ன் அடித்தது. “அண்ணே, போயிடாதீங்க லா” என்று அம்மா விரைந்தார். இடது கை கொசுவத்தைத் தூக்கிப் பிடித்திருக்க, வலது கை மட்டும் வீசியது. குதிகால் ஊன்றியது, இடுப்பு சாய்ந்தது, தலை ஏறி இறங்கியது. எனக்குச் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை. அதை அப்படியே கம்ப்யூட்டரில் செய்தேன். ஒற்றைக் கை வீசி நடந்த பொம்மையைப் பார்க்க மறுநாள் வகுப்பே எழுந்து வந்தது.

“என்ன, பின்னாலயே பாத்துக்கிட்டு வர்றே?” பாசாரில் அம்மா திரும்பினார்.

“சும்மா நடம்மா.”

நடந்தார். வலது காலோடு வலது கையும் சேர்ந்தே போனது.