இரண்டாவது ஷாஃப்ட்

என் பீரோவின் கீழ்த்தட்டில், வேட்டிகளுக்குப் பின்னால், உறையில் போட்டு ஒரு ஷாஃப்ட் வைத்திருக்கிறேன். பூல் ஆடுகிற க்யூ ஒரே கோல் அல்ல, இரண்டு துண்டு. கையில் பிடிக்கிற கனமான அடிப்பாகத்துக்குப் பட் என்று பெயர். பந்தைத் தொடுகிற மெல்லிய மேல்பாகம் ஷாஃப்ட். இரண்டையும் மரையில் திருகிச் சேர்ப்பார்கள். என்னிடம் இருப்பது வெளிர் நிற மேப்பிள் மரத்தில் கடைந்தது. வாங்கிய பிறகு இன்றுவரை ஒரு பந்தையும் தொடாதது. பீரோவை ஒழுங்குபடுத்தும்போதெல்லாம் என் மனைவி "இது எதுக்குங்க?" என்பாள். "கிடக்கட்டும்" என்பேன். அதற்கு மேல் சொல்ல எனக்கு வாய் வந்ததில்லை.

அப்போது எனக்கு ஒரத்தநாட்டுப் பக்கம் ஒரு கால்நடை மருந்தகத்தில் வேலை. பகலெல்லாம் மாட்டோடு மல்லுக்கட்டிவிட்டு, சாயங்காலம் குளித்து, பவுடர் போட்டுக்கொண்டு தஞ்சாவூருக்கு வண்டியை விடுவேன். ஒரு துணிக்கடையின் மாடியில் மூன்று மேசை போட்ட பூல் ஹால் இருந்தது. அங்கே எல்லாமாக இருந்தவர் மார்க்கர். ஆட்டத்தின் புள்ளிகளைக் குறிக்கிறவருக்கு அந்தப் பெயர். மேசைத் துணியைத் துலக்குவது, க்யூ நுனியில் தோல் டிப் ஒட்டுவது, புதிதாக வருகிறவர்களுக்குக் கை பழக்குவது எல்லாம் அவர்தான். நாற்பதை ஒட்டிய வயது. நாகப்பட்டினத்தில் படகுக் குடும்பத்தில் பிறந்தவர். மனைவியும் மகளும் அங்கேயே இருந்தார்கள். இவர் ஹாலின் பின்னறையில் பாய் விரித்துக்கொண்டு காலம் தள்ளினார். கடலை விட்டு ஏன் வந்தார் என்று நான் கேட்டதில்லை. இத்தனைக்கும் மூன்று வருடம் தினமும் அவரோடு பேசியிருக்கிறேன். பேசியது முழுக்க என் ஆட்டத்தைப் பற்றி.

அந்த ஹாலில் எழுதி ஒட்டாத சட்டம் ஒன்று உண்டு. சொந்த க்யூ வைத்திருக்கிற உறுப்பினர்களின் க்யூவை மார்க்கர் துடைப்பார், டிப் மாற்றுவார், பத்திரமாகப் பூட்டி வைப்பார். ஆனால் அதை வைத்து ஆட மாட்டார். ஒரு ஆட்டம் ஆடிப் பார்க்கட்டுமா என்று கேட்கவும் மாட்டார். உறுப்பினராகப் பார்த்து நீட்டினால் வாங்கிக்கொள்ளலாம். கேட்டு வாங்கினால் மரியாதை போய்விடும். மாவட்டத்திலேயே நன்றாக ஆடுகிறவர் ஹாலின் பொதுக் க்யூவால், டிப் தேய்ந்த கோலால், எங்களையெல்லாம் தோற்கடித்துக்கொண்டிருந்தார். எங்களுக்கு அது வேடிக்கையாக இருந்தது.

எனக்கும் சொந்த க்யூ ஆசை வந்தது. கையில் பதினைந்தாயிரம் இருந்தது, அதற்கு மேல் ஒரு ரூபாய் கிடையாது. போனில் படம் பார்த்துப் பார்த்து, பட் முழுக்கத் தந்தம் போல் வேலைப்பாடு செய்த ஒன்றை முடிவு செய்து அவரிடம் காட்டினேன். பார்த்துவிட்டுச் சிரித்தார்.

"டாக்டர், மாடு வாங்கப் போனா கொம்புல பூசுன பெயின்டப் பாத்தா வாங்குவீங்க? பந்தத் தொடப்போறது ஷாஃப்டு. காசை அதுல போடுங்க. பட்டு மொட்டையா இருந்தாப் போதும். ஆனா மரை மட்டும் ஊர்ல கெடைக்கிற மரையா இருக்கணும். நாளைக்கு ஒரு ஷாஃப்டு வளைஞ்சிச்சுன்னா இன்னொண்ண வாங்கி மாட்டிக்கலாம். இந்த வேலைப்பாடு இருக்கே, இதுக்கு ஷாஃப்டு வேணும்னா அந்தக் கம்பெனிக்காரன் கால்லதான் விழணும்."

மாட்டு டாக்டரிடமே மாட்டு உவமை. அவர் சொன்னபடியே வாங்க, ஒரு செவ்வாய்க்கிழமை, அவருடைய விடுமுறை நாளில், இருவரும் பஸ் ஏறித் திருச்சிக்குப் போனோம். அவர் கையில் லுங்கித் துணியில் சுற்றிய ஒரு பட் இருந்தது. மாற்றலாகிப் போன பொறியாளர் ஒருவர் விட்டுச்சென்றது. அதன் ஷாஃப்ட் வளைந்துபோய்ப் பல வருடமாகிவிட்டது. பொருத்தமானது கிடைத்தால் பார்க்கலாம் என்று எடுத்துவந்திருந்தார். இரண்டு மாதத்தில் மாநிலப் போட்டி. அதில் இறுதி ஆட்டம்வரை வருகிறவரைப் பயிற்சியாளராக எடுத்துக்கொள்ளக் கோயம்புத்தூரில் ஒரு கிளப் தயாராக இருந்தது. தங்க வீடும் தருவதாகச் சொல்லியிருந்தார்கள். மனைவி, மகளோடு ஒரே வீட்டில் இருக்கலாம் என்பதை அவர் பஸ்ஸில் இரண்டு முறை சொன்னார்.

கடையில் எனக்கு ஒரு பட், ஒரு ஷாஃப்ட் தேர்வு செய்ய ஒரு மணி நேரம் எடுத்துக்கொண்டார். ஒவ்வொன்றையும் கடையில் இருந்த மேசையின் மேல் உருட்டினார்; நுனி துள்ளினால் தள்ளி வைத்தார். துடுப்பைப் பார்க்கிறவர் போல ஒரு கண்ணை மூடி நீளவாக்கில் பார்த்தார். மரை சேர்ந்துவிட்டால் மட்டும் போதாது, சேருமிடத்தில் இரண்டின் விட்டமும் ஒன்றாக இருக்க வேண்டும் என்று சொல்லி, கட்டைவிரல் நகத்தால் அந்த இடத்தைத் தடவினார். நகம் எங்கும் தட்டக் கூடாது. கண்ணுக்குத் தெரியாத மேடு நகத்துக்குத் தெரியும் என்றார்.

எனக்கு முடிந்தபின் கடைக்காரர் உள்ளேயிருந்து இன்னொரு ஷாஃப்டைக் கொண்டுவந்தார். மார்க்கர் லுங்கித் துணியைப் பிரித்துத் தன் பட்டில் அதைத் திருகினார். நகத்தால் தடவினார். மேசையில் வெள்ளைப் பந்தை வைத்து ஒரே ஒரு அடி அடித்தார். பந்து மேசையை நீளத்துக்குக் கடந்து, தட்டித் திரும்பி, புறப்பட்ட இடத்துக்கே வந்து நின்றது. அவர் முகத்தை நான் அப்படிப் பார்த்ததில்லை. விலை கேட்டார். ஐயாயிரத்துச் சொச்சம். "ஒண்ணாந்தேதி வரைக்கும் வச்சிருக்க முடியுங்களா?" என்றார். "யாராச்சும் கேட்டா குடுத்துருவேன், அதுவரைக்கும் இருந்தா உங்களுக்கு" என்றார் கடைக்காரர்.

அந்த நிமிடம்வரை எனக்கு இரண்டாவது ஷாஃப்ட் தேவைப்படவில்லை. அவர் கையில் அதைப் பார்த்த பிறகுதான் எனக்கு வேண்டும் என்று தோன்றியது. ஒரு மார்க்கர் என்னுடையதைவிட நல்ல ஷாஃப்டோடு ஆடுவதா என்றும் தோன்றியது. இதை இவ்வளவு பச்சையாக அன்று எனக்கு நானே சொல்லிக்கொள்ளவில்லை. இரண்டும் ஒரே மரைதானே, மாற்று ஒன்று இருப்பது நல்லதுதானே என்றுதான் சொல்லிக்கொண்டேன். ஆசை வெட்கம் அறியாது. "அதையும் சேத்து பில் போடுங்க" என்றேன். பணம் மிகச் சரியாகப் போதுமானதாக இருந்தது.

மார்க்கர் என்னைப் பார்த்தார். ஷாஃப்டைக் கழற்றித் தன் துண்டால் நுனிவரை துடைத்துக் கடைக்காரரிடம் கொடுத்தார். திரும்பும்போது பஸ் ஸ்டாண்டில் வடையும் டீயும் வாங்கிக் கொடுத்தார், என்னைக் காசு எடுக்க விடவில்லை. பஸ் டிக்கெட்டும் அவரே எடுத்தார். தஞ்சாவூர்வரை என் உறையை மடியில் வைத்துக்கொண்டு வந்தார். எவ்வளவு பெரிய மனசு, கோபமே இல்லையே என்று நினைத்துக்கொண்டேன். நிம்மதியாகத் தூங்கியும் விட்டேன்.

அடுத்த இரண்டு மாதமும் அவர் எனக்கு முன்னைவிட அக்கறையாகச் சொல்லிக்கொடுத்தார். இரண்டாவது ஷாஃப்டை நான் உறையிலிருந்து எடுக்கவே இல்லை. அவர் எதிரில் அதை மாட்டிக்கொண்டு ஆடக் கூச்சம். கேட்டால் போட்டிக்குக் கொடுத்துவிடலாம் என்று மனதுக்குள் தாராளமாக வைத்திருந்தேன். அவர் கேட்க முடியாது என்பது எனக்குத் தெரியும், அந்தத் தெம்பில் வந்த தாராளம். உறுப்பினர் ஒருவரின் அண்ணன் சிங்கப்பூரிலிருந்து வரும்போது மார்க்கருக்கு ஒரு ஷாஃப்ட் கொண்டுவருவதாகச் சொன்னார். மார்க்கர் "வேணாங்க" என்றுவிட்டார். வீம்பு பிடித்த மனிதர் என்று நினைத்தேன்.

போட்டிக்கு முந்தின நாள் மத்தியானம் அவர் என் மருந்தகத்துக்கு வந்தார். தஞ்சாவூரிலிருந்து பஸ் பிடித்து, ரோட்டிலிருந்து ஒரு மைல் நடந்து, முதல் தடவையாக. நான் ஒரு பசுவுக்குக் குளுக்கோஸ் ஏற்றிக்கொண்டிருந்தேன். லுங்கித் துணியில் சுற்றிய பட்டைக் கையில் வைத்திருந்தார்.

"நாளைக்குப் போட்டி டாக்டர். சாயங்காலம் வண்டி ஏறுறேன். உங்களப் பாத்துட்டுப் போகலாம்னு."

"நல்லா ஆடுங்க மார்க்கர். ஜெயிச்சுட்டு வாங்க" என்றேன்.

அவர் போகவில்லை. மாட்டுக்காரரிடம் மாட்டுக்கு என்ன என்று விசாரித்தார். பாட்டிலில் சொட்டு இறங்குவதைப் பார்த்துக்கொண்டு நின்றார். சாயங்காலம் ஹாலுக்கு எடுத்துப்போக வைத்திருந்த என் உறை, இரண்டு ஷாஃப்டோடும், பத்தடி தூரத்தில், அறை மூலையில் சாத்தியிருந்தது. அவர் அதைப் பார்த்தார். அவர் பார்த்ததை நான் பார்த்தேன். வாயைத் திறந்து கேட்கட்டும், கொடுக்கிறேன் என்று இருந்தேன். கால்மணி நேரம் கழித்து, "அப்ப வரட்டுங்களா?" என்றார். "வாங்க" என்றேன். மாட்டைப் பிடித்திருந்ததால் கும்பிடக்கூட இல்லை.

பொதுக் க்யூவோடு போய் அரையிறுதியில் தோற்றார். அந்த அரையிறுதியின் கடைசி ஆட்டத்தில், விழுந்தால் ஜெயிப்பு என்றிருந்த எட்டாம் பந்துக்கு அடித்தபோது டிப் பிய்ந்து போனதாம். கைக்கு எட்டியது வாய்க்கு எட்டவில்லை என்று ஹாலில் நாலைந்து நாள் பேசினார்கள். நானும் உச்சுக் கொட்டினேன். கோயம்புத்தூர் வேலை வேறு ஒருவருக்குப் போனது. ஆறு மாதத்தில் மார்க்கர் ஹாலை விட்டு ஊருக்கே போய்விட்டார். எனக்கும் மாற்றல் வந்தது. க்யூவைப் பாதி விலைக்குக் கொடுத்துவிட்டேன். அந்த ஷாஃப்டை மட்டும் விற்க மனம் வரவில்லை.

போன மாதம் நாகப்பட்டினத்தில் ஒரு கல்யாணம். காரின் பின்சீட்டில் உறையோடு ஷாஃப்டை எடுத்துப் போட்டுக்கொண்டேன். இப்போதாவது கொடுத்துவிடுவது என்று உறுதி. விசாரித்துக்கொண்டு மார்க்கரின் வீட்டுக்குப் போனேன். துறைமுகத்துக்குப் பக்கத்தில் ஐஸ் கம்பெனியில் வேலை பார்க்கிறார். தலை முழுக்க நரைத்துவிட்டது. "டாக்டரா!" என்று இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார். உட்கார வைத்துவிட்டு, கலர் வாங்கிவருகிறேன் என்று கடைக்குப் போனார். அவர் மனைவி கதவோரம் நின்று பேசினார்.

"நீங்கதான் அந்த டாக்டருங்களா? உங்களப் பத்தி நெறயச் சொல்லுவாங்க. திருச்சியில வாங்குன அன்னைக்கே போன் போட்டுட்டாங்க. 'டாக்டரு எனக்கு ஒரு ஷாஃப்டு வாங்கியிருக்காரு, என் பட்டுல மாட்டிப் பாத்தப்பறம்தான் வாங்குனாரு, சொல்லாம வச்சிருக்காரு, போட்டிக்கு முன்னாடி கையில குடுப்பாரு'ன்னு. எம் பொண்ணு பள்ளிக்கூடத்துல எல்லார்ட்டயும் சொல்லிட்டா. அப்பறம் என்ன ஆச்சுன்னு கேட்டேன். அவருக்கு வேலை ஜாஸ்தி, மறந்திருப்பாருன்னாங்க."

குறையாகச் சொல்லவில்லை, நடந்ததைச் சொன்னார். டீயும் வடையும் எதற்கு, சிங்கப்பூர் ஷாஃப்ட் ஏன் வேண்டாம், அத்தனை தூரம் வந்து மாட்டுக்குப் பக்கத்தில் எதற்காக நின்றார், எல்லாம் எனக்கு ஒரே சமயத்தில் விளங்கியது. அவர் கேட்க வரவில்லை. நான் கொடுப்பேன் என்று வாங்கிக்கொள்ள வந்திருந்தார்.

மார்க்கர் கலர் பாட்டிலோடு வந்தார். "இன்னும் ஆடுறீங்களா டாக்டர்?"

"இல்ல மார்க்கர். நேரமில்ல."

"க்யூ?"

"வித்துட்டேன்."

"அந்த ரெண்டாவது ஷாஃப்டு?"

எழுந்து காருக்குப் போக வேண்டிய நேரம் அதுதான். போனால் இத்தனை வருடம் மறக்கவில்லை என்று ஆகிவிடும். மறந்தேன் என்று அவர் எனக்காகச் சொன்ன பொய்யும் போய்விடும். "அதையும் சேத்துத்தான்" என்றேன்.

"நல்ல வெலைக்குப் போயிருக்கும்" என்றார் சந்தோஷமாக.

வழியனுப்ப வாசலுக்கு வந்தார். நான் ஏறி உட்கார்ந்ததும் கதவைச் சாத்தக் குனிந்தார். பின்சீட்டில் உறை கிடந்தது. அந்த நீளத்தில், அந்த ஒல்லியில், ஒரு உறைக்குள் என்ன இருக்கும் என்று அவருக்கு யாரும் சொல்லத் தேவையில்லை. அதைப் பார்த்தார். என்னைப் பார்க்கவில்லை.

"வெயில்ல போடாதீங்க டாக்டர், வளைஞ்சிரும்" என்று சொல்லிவிட்டுக் கதவை மெல்லச் சாத்தினார்.